டயரை முதலில் முடிவு செய்யுங்கள், லிஃப்ட் கிட்டை அப்புறம் பார்க்கலாம்

பிக்கப் டிரக் வாங்கிய கையோடு பலருக்கும் வரும் முதல் ஆசை, அதைத் தூக்கி நிறுத்துவதுதான். கம்பெனி கொடுத்த உயரத்தில், கம்பெனி போட்ட டயரில் நிற்கும்போது ஏதோ ஒன்று குறைவது போலவே இருக்கும். அதே வண்டி நாலு இன்ச் உயர்ந்து, தடித்த டயர்கள் மட்கார்டை நிறைத்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. அந்தப் பரபரப்பில் லிஃப்ட் கிட்டை முதலில் வாங்கி மாட்டிவிட்டு, என்ன டயர் போடலாம் என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். தலைகீழ் வேலை. லிஃப்ட் போட்ட அன்று மாலை ஆசையாக டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர் உருண்டையான டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். காலையில் எவ்வளவு இருந்ததோ அதேதான். ஒரு மில்லிமீட்டர் கூடக் கூடவில்லை.

இது கிட்டின் குறையில்லை. எனக்கு விஷயம் புரியாததுதான் குறை. ஆரம்பத்திலேயே இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

பழைய மரக்கட்டில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மெத்தைக்கு மேல் மெத்தையாகப் போட்டால் படுத்திருப்பவர் உயர்ந்துகொண்டே போவார். ஆனால் கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளும் இடம் கூடாது. அந்த இடம் கூட வேண்டுமானால் கட்டிலின் கால்களுக்குத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். பிக்கப்பில் ஆக்சில்தான் கட்டில், டயர்தான் கால். லிஃப்ட் கிட் என்பது ஆக்சிலுக்கு மேலே இருப்பவற்றை, அதாவது சேஸிஸையும் பாடியையும் உயர்த்துகிறது. ஆக்சிலும் அதன் நடுவில் பூசணிக்காய் போலத் தொங்கும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தோடு சேர்ந்தவை. சக்கரம் பெரிதானால்தான் அவை உயரும்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? இரண்டு காரணங்கள். ஒன்று, பெரிய டயர் உள்ளே சுற்றுவதற்கும் திரும்புவதற்கும் இடம் வேண்டும். அந்த இடத்தை லிஃப்ட் உண்டாக்குகிறது. இரண்டாவது, கல்லிலும் மேட்டிலும் ஏறி இறங்கும்போது முன் பம்பர், வயிற்றுப் பகுதி, பின் பம்பர் இவை இடிக்காமல் போகிற கோணங்கள் லிஃப்டால் கூடும். பிக்கப்புகளுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தூரம் அதிகம். அதனால் கூரான மேடு ஒன்றைத் தாண்டும்போது வயிறு மாட்டிக்கொள்வது இவற்றின் பிறவிக் குணம், அதற்கு லிஃப்ட் உண்மையிலேயே உதவும். ஆகவே லிஃப்ட் வெறும் பகட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த டயர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த டயர் உள்ளே போக எவ்வளவு லிஃப்ட் போதுமோ அதை மட்டும் போடுவதுதான் சரியான வரிசை. ஒரு இன்ச் கூடுதலாகத் தூக்கினாலும் அதற்கான விலையை வேறெங்கோ கொடுக்கிறோம். அது எங்கே என்றுதான் இந்தக் கட்டுரை முழுக்கப் பார்க்கப் போகிறோம்.

சரி, டயரிலிருந்தே தொடங்குவோம். டயரின் பக்கச் சுவரில் 265/70 ஆர்17 என்பது போல ஒரு எண் இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றையும் கலந்து வைத்த மகானுபாவர் யாரோ தெரியவில்லை! கணக்கு இதுதான்: 265-ல் 70 சதவீதம் 185.5 மி.மீ. அது ரிம்முக்கு மேலேயும் கீழேயும் வருவதால் இரண்டு மடங்கு, 371. ரிம் 17 இன்ச் என்றால் 431.8 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 802.8 மி.மீ., அதாவது ஏறத்தாழ 31.6 இன்ச். இதே கணக்கில் 285/70 ஆர்17 டயர் 32.7 இன்ச் வரும். இதைத்தான் எல்லோரும் முப்பத்து மூன்று என்கிறார்கள். 315/70 ஆர்17 போட்டால் 34.4 இன்ச், பேச்சு வழக்கில் முப்பத்தைந்து. சில டயர்களில் 35x12.50 ஆர்17 என்று நேரடியாகவே எழுதியிருக்கும். 35 இன்ச் உயரம், 12.5 இன்ச் அகலம், 17 இன்ச் ரிம். எழுதியிருப்பதற்கும் உண்மையான அளவுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதனால் இடம் நெருக்கமாக இருக்கிற வண்டியில் தயாரிப்பாளர் தரும் அளவுத் தாளைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் ஆக்சிலுக்கு அடியில் கிடைக்கும், மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே போய்விடும். 31.6-லிருந்து 33-க்குப் போனால் விட்டத்தில் கூடுவது 1.4 இன்ச், தரையிலிருந்து டிஃபரன்ஷியல் உயர்வது 0.7 இன்ச். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்த சேற்றுப் பாதையில் அந்த முக்கால் இன்ச் என்ன செய்யும் என்பது, ஒரு தடவை டிஃபரன்ஷியல் மண்ணில் உட்கார்ந்து நாலு சக்கரமும் சும்மா சுற்றியவர்களுக்குத் தெரியும்.

டயரின் வகையையும் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலைக்கான ஹைவே டயர், எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும் ஆல் டெரெய்ன், பெரிய பெரிய கட்டைகளோடு சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் என்று மூன்று. மட் டெரெய்ன் பார்க்க மிரட்டலாக இருக்கும். நெடுஞ்சாலையில் தேனீக் கூட்டம் காருக்குள் புகுந்த மாதிரி இரைச்சல் போடும், ஈரமான தார்ச் சாலையில் பிடிப்பும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு நாள் ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால் ஆல் டெரெய்ன் போதும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி லிஃப்ட். கடையில் லிஃப்ட் என்ற ஒரே பெயரில் குறைந்தது நாலு வேறு வேறு வேலைகளை விற்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

மிகச் சின்ன வேலை, லெவலிங். பெரும்பாலான பிக்கப்புகளைக் கவனித்தால் காலியாக நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அது வடிவமைப்புப் பிழையில்லை, பின்னால் லோடு ஏற்றியதும் வண்டி மட்டமாக வர வேண்டும் என்று வைத்த தூக்கல். முன்பக்கத்தை மட்டும் ஒன்றரை, இரண்டு இன்ச் உயர்த்தி வண்டியை மட்டமாக்குவதுதான் லெவலிங். பார்வைக்கு அழகு, செலவும் குறைவு. ஆனால் அடிக்கடி கனமான லோடு ஏற்றுபவரும், பின்னால் டிரெய்லர் இழுப்பவரும் இதைச் செய்தால், லோடு ஏற்றிய பிறகு வண்டி மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது பாடி லிஃப்ட். பிக்கப்பின் பாடி சேஸிஸ் மேல் ரப்பர் மவுண்ட்களில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மவுண்ட்களுக்கு நடுவில் கெட்டியான ஸ்பேசர் கட்டைகளை வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது பாடி லிஃப்ட், வழக்கமாக 1 முதல் 3 இன்ச் வரை. சஸ்பென்ஷனை இது தொடவே இல்லை, ஆகவே ஓட்டும் தன்மை அதிகம் மாறாது. மட்கார்டு உயர்வதால் டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் சேஸிஸ் இருந்த இடத்திலேயே இருப்பதால் வயிற்றுக்கு அடியில் இடைவெளி கூடாது. பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் சந்து தெரியும். ஸ்டியரிங் ஷாஃப்ட், டீசல் ஊற்றும் குழாய், ரேடியேட்டர் விசிறி மறைப்பு என்று பாடியையும் சேஸிஸையும் இணைக்கிற ஒவ்வொன்றையும் நீட்டவோ நகர்த்தவோ வேண்டியிருக்கும். இதை மட்டமாகப் பேசுபவர்கள் நிறைய. ஒரு இன்ச் அளவில் என்றால் நேர்மையான வேலை என்றே நினைக்கிறேன், மூன்று இன்ச் என்றால் எனக்கு மனசு வராது.

மூன்றாவது ஸ்பேசர் லிஃப்ட். முன்பக்கத்தில் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், அதன் தலையில் ஒரு கட்டை, பின்பக்கத்தில் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு பிளாக். பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங்தான், பெரும்பாலான பிக்கப்புகளுக்குப் பின்பக்கம் அதுதான் இருக்கும். முன்பக்கக் கட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்ட்ரட், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் போய் உட்காருகிறது, சக்கரமோ ஆர்மின் நுனியில் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி மேலே 1 இன்ச் கட்டை வைத்தால் சக்கரத்தில் சுமார் 2 இன்ச் உயரம் வரும். இது தெரியாமல் இரண்டு இன்ச் உயர இரண்டு இன்ச் கட்டை வாங்கி வைப்பவர்கள் உண்டு. வண்டி நாலு இன்ச் எகிறி நிற்கும், ஆர்ம்கள் கீழ்நோக்கித் தொங்கி ஜாயின்ட்கள் எல்லாம் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்க பிளாக் விஷயத்தில் இரண்டு விதிகள்: ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, முன் ஆக்சிலில் பட்டை இருக்கிற வண்டியில் முன்னால் பிளாக் வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்சிலுக்கு வரும் முறுக்குக்கு அந்தக் கட்டை நழுவினால், அப்புறம் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் பயனில்லை.

நாலாவதுதான் முழு சஸ்பென்ஷன் லிஃப்ட். உயரமான, அழுத்தம் கூடிய ஸ்பிரிங்குகள், அவற்றின் நீளத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்கள், தேவைப்பட்டால் புது மேல் ஆர்ம்கள், பின்னால் புதுப் பட்டை. ஸ்பேசருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஸ்பேசர் வைக்கும்போது அதே பழைய ஷாக், அதே பழைய ஸ்பிரிங், இருக்கிற இடம்தான் மாறுகிறது. சஸ்பென்ஷன் கீழே தொங்கக்கூடிய எல்லையைக் கொஞ்சம் தின்றுவிட்டு உயரம் தருகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது டக் என்று ஒரு சத்தம் கேட்டால் அது அந்த எல்லையில் இடிக்கிற சத்தம். முழு லிஃப்டில் உயரத்தோடு சேர்ந்து சஸ்பென்ஷனின் தரமும் உயருகிறது. 4 இன்ச், 6 இன்ச் என்று போகும்போது முன் டிஃபரன்ஷியலையும் கீழ் ஆர்ம்களையும் தாங்கும் பிராக்கெட்களையே கீழே இறக்கி வைக்கிற கிட்கள் வரும், சேஸிஸில் சில இடங்களை வெட்டவும் வேண்டியிருக்கும். வெட்டிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம், இதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். பண விலையைச் சொல்லவில்லை, வண்டி கொடுக்கிற விலை.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் இருக்கிற நாலு சக்கர ஓட்ட வண்டியில், டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சிவி ஷாஃப்ட் கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைத்திருப்பார்கள். வண்டியைத் தூக்கும்போது சேஸிஸோடு சேர்ந்து டிஃபரன்ஷியல் மேலே போய்விடும், சக்கரம் கீழேயே நிற்கும், ஷாஃப்ட் கூரை மாதிரிச் சரிந்துவிடும். அந்தச் சரிவில் ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உரசி, ஒரு நாள் கிழிந்து, கிரீஸ் எல்லாம் ரிம்மின் உள்பக்கத்தில் தெளித்திருக்கும். மண் உள்ளே போன பிறகு ஜாயின்ட் அதிக நாள் தாங்காது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டக் டக் என்று கேட்கிற சத்தம் அதுதான். இந்த வகை வண்டிகளில் 2 முதல் 3 இன்ச்சுக்கு மேல் போகப் பலரும் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஷாஃப்ட்.

அலைன்மென்ட் அடுத்தது. தூக்கியதும் சக்கரங்கள் நிற்கிற கோணங்கள் கலையும். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, கலைந்தால் டயர் ஓரம் ரம்பம் போலத் தேயும், அது கண்ணுக்குத் தெரியும். காஸ்டர் குறைவது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்: நேர் ரோட்டில் வண்டி தன்பாட்டில் அலையும், திருப்பிவிட்டு ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வராது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பது கையை விட்டும் ஓட்ட உதவுகிறது இல்லையா, அந்தச் சாய்வுதான் காஸ்டர். மேல் ஆர்ம்களை மாற்றச் சொல்கிறார்கள் என்றால் அது பணம் பிடுங்கும் வேலை என்று எடுத்த எடுப்பில் நினைக்காதீர்கள். தொலைந்த காஸ்டரை மீட்க பல வண்டிகளில் அதுதான் வழி.

ஜீப் கிளாடியேட்டர் போல முன்னாலும் ஒரே உருட்டு ஆக்சில் இருக்கிற வண்டியில் கதை வேறு. அங்கே ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும் டிராக் பார் என்ற தண்டு, தூக்கியதும் சரிவாகி, முழு ஆக்சிலையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். அதற்கு நீளம் மாற்றக்கூடிய தண்டு போட வேண்டும். இந்த இணைப்புகளில் தேய்மானமோ தளர்ச்சியோ இருந்தால், சின்னப் பள்ளம் ஒன்றில் விழுந்ததும் ஸ்டியரிங் வலிப்பு வந்தது போல இடமும் வலமும் உதறத் தொடங்கும். ஆங்கிலத்தில் இதற்கு டெத் வாபிள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் அப்போதைக்குச் செய்யக்கூடியது. ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் டேம்பரை மாற்றினால் சில நாள் மறைந்திருக்கும், நோய் அங்கேயேதான் இருக்கும்.

பின்னால் டிஃபரன்ஷியலுக்கு எஞ்சின் பலத்தைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். கிளம்பும்போதும் ஒரு குறிப்பிட்ட வேகத்திலும் சீட்டுக்கு அடியில் அதிர்வு வந்தால் அங்கே பாருங்கள். பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர் இவற்றின் நீளம் போதுமா என்பதை வண்டி தரையில் நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ரிம்மைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் அடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்போடு, அதாவது சக்கரத்தை மாட்டும் நடுத் தட்டோடு, ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், சக்கரம் உள்ளே போகும். குறைய குறைய சக்கரம் வெளியே துருத்தும். பழைய ரிம் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 30. நான் ஆசைப்பட்டு வாங்கியது 9 இன்ச், ஆஃப்செட் 0. கணக்குப் போட்டால் வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே வந்துவிடுகிறது. நிற்கும்போது அட்டகாசமாக இருந்தது. முதல் நாள் ரிவர்ஸில் முழுக்கத் திருப்பியபோது கர்ர் என்று சத்தம். டயர் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு பெரிய வட்டம் போட்டுத் திரும்புகிறது, அந்த வட்டத்தின் பின்பக்கம் மட்கார்டின் பிளாஸ்டிக்கையும் பாடி மவுண்ட்டின் இரும்பையும் போய் உரசுகிறது. இன்னும் லிஃப்ட் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஆகாது. நிற்கிற நிலையில் உரசாமல் இருக்கலாம், சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் பழைய இடத்துக்கு வந்துதானே தீரும். பிளாஸ்டிக்கை வெட்டினேன், அதற்கும் சரிவராமல் கடைசியில் ரிம்மை மாற்றினேன். கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டியே ரிம் எடுத்திருந்தால் நான் போட்ட 33 இன்ச் டயர் சின்ன வெட்டோடு உள்ளே போயிருக்கும். துருத்திய சக்கரம் வீல் பேரிங்குக்கும் சுமை, ரோட்டுச் சேறு முழுக்கக் கதவில்.

பெரிய டயர் இன்னொரு இடத்திலும் கை வைக்கிறது: எஞ்சினுக்கும் ரோட்டுக்கும் நடுவிலான கியர் கணக்கில். 31.6 இன்ச் டயர் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 396 தடவை சுற்றுகிறது என்றால் 35 இன்ச் டயர் சுமார் 358 தடவைதான் சுற்றும். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது, அது பழைய டயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அது 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் கிட்டத்தட்ட 111-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரும் குறைத்தே காட்டும், ஆகவே மைலேஜ் கணக்குப் போடும்போது உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்த மாதிரித் தெரியும். இதை அளவு மாற்றிச் சரிசெய்ய முடியும், செய்துவிடுங்கள். கியர் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. டிஃபரன்ஷியலில் 3.73 விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று, இருக்கிற வண்டிக்கு 35 இன்ச் போட்டால் அது 3.37 போல நடந்துகொள்ளும். மேட்டில் மூச்சு வாங்கும், ஆட்டோமேட்டிக் கியர் எந்த கியரில் இருப்பது என்று தெரியாமல் ஏறி இறங்கித் தடுமாறும். பழைய இழுவை வேண்டுமானால் 4.10-க்கு மாற்ற வேண்டும், நாலு சக்கர ஓட்ட வண்டி என்றால் முன்னும் பின்னும் இரண்டையுமே.

எடையும் சேர்ந்துகொள்ளும். பெரிய டயர் தன்னளவில் கனம். அந்தக் கனம் ரிம்முக்கு வெளியே, மையத்திலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பதால் அதைச் சுற்ற வைக்கவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். பிரேக் டிஸ்க் அதே பழைய டிஸ்க். நிறுத்த ஆகும் தூரம் கூடும், முதல் சில நாள் முன்னால் போகும் வண்டிக்கு நிறையவே இடம் விட்டு ஓட்டுங்கள். ஃபோர்டு எஃப்-150 ராப்டர் 35 இன்ச் டயரோடு கம்பெனியிலிருந்தே வருகிறதே என்று கேட்கலாம். வருகிறதுதான். ஆனால் அதற்குச் சஸ்பென்ஷன், ஆர்ம், ஷாக், மட்கார்டு எல்லாமே அந்த டயரை மனதில் வைத்துத் தனியாகச் செய்தவை. ஒரு கட்டையை வைத்து அந்த இடத்துக்குப் போய்விட முடியாது.

டயர் வாங்கும்போது உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு லோடு குறியீட்டைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 112, 121 போன்ற எண் அது. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450 கிலோ. கம்பெனி டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்து போகாதீர்கள். கூடுதலாகப் போகலாம், ஆனால் கனமான லோடுக்கென்று வரும் லோடு ரேஞ்ச் இ வகை டயரின் சுவர் விறைப்பானது, காலி வண்டியில் குலுக்கும். காற்று அழுத்தமும் கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய எண்ணில் நில்லாது. புது டயருக்கு உரிய லோடு அட்டவணையைப் பார்த்து வைக்க வேண்டும்.

கவிழும் அபாயம் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் தன்மையை எளிதாக அளக்க ஒரு வகுத்தல் கணக்கு உண்டு: இடது வலது சக்கரங்களுக்கு நடுவிலான தூரத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கணக்குக்காக ஒரு வண்டி எடுத்துக்கொள்வோம், சக்கர இடைவெளி 1.65 மீட்டர், எடை மையம் 0.75 மீட்டர். விடை 1.10. அதே வண்டியின் எடை மையத்தை 8 செ.மீ. உயர்த்தினால் விடை 0.99. எண் ஒன்றுக்குக் கீழே போகப் போக, திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டி சறுக்குவதற்குப் பதிலாக உருளத் தயாராகிறது. கூரைமேல் கேரியரும் அதன் மேல் கூடாரமும் வைத்தால் இன்னும் மோசம். நிலை தடுமாறாமல் காக்கும் மின்னணு அமைப்பும் கம்பெனி உயரத்தையும் கம்பெனி டயரையும் நம்பி எழுதிய கணக்கில்தான் ஓடுகிறது. கல்லுப் பாதையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது கம்பீரமாக இருந்த அதே வண்டி, நெடுஞ்சாலையில் நாய் குறுக்கே வந்தால் வேறு வண்டி.

சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எவ்வளவு உயர்த்தலாம், பம்பர் எந்த உயரத்தில் இருக்கலாம், டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தலாமா என்பதை வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டுக் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் முன்பக்கத்தை மட்டும் எக்கச்சக்கமாகத் தூக்கி, பின்பக்கத்தைத் தரையோடு ஒட்ட வைக்கிற ஒரு மோகம் பரவியது, கரோலினா ஸ்குவாட் என்பார்கள். ஓட்டுபவருக்கு முன்னால் நிற்கும் மனிதரே தெரியாது, ஹெட்லைட் மரக்கிளையைத்தான் காட்டும். வட கரோலினா மாநிலம் 2021-ல் அதற்குத் தடை போட்டது. முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்பது விதி. ஹெட்லைட் விஷயம் சாதாரண லிஃப்டுக்கும் பொருந்தும். இரண்டு இன்ச் தூக்கினாலே எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சுவரும் இருந்தால் பத்து நிமிடத்தில் தாழ்த்திவிடலாம், ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை. கண்ணாடியில் கேமராவும் பம்பரில் ரேடாரும் இருக்கிற புது வண்டிகளில் அவற்றையும் மறுபடி அளவு வைக்க வேண்டும்.

அப்படியானால் புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்வது? என் கருத்து இது. முதலில் கம்பெனி உயரத்திலேயே, ஒரே ஒரு படி பெரிய ஆல் டெரெய்ன் டயர் போட்டு ஆறு மாதம் ஓட்டுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே மாட்டுகிறது என்று வண்டியே சொல்லும். மணலிலும் கல்லிலும் காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகுங்கள். டயர் தரையில் படியும் பகுதி நீண்டு, நாலு இன்ச் லிஃப்ட் தராத பிடிப்பை இலவசமாகத் தரும். தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் மட்டும் வேண்டும். அதற்கும் போதவில்லை என்றால் 33 இன்ச் டயரும், நல்ல ஸ்பிரிங் ஷாக்கோடு சுமார் இரண்டு இன்ச் அளவில் ஒரு லிஃப்டும். நடுத்தர அளவுப் பிக்கப் பலவற்றுக்கு அது ஓரளவு வெட்டோடு பொருந்திவிடும். 35 என்று போனால் கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். பணம் பாதிதான் இருக்கிறது என்றால் பாதித் திட்டம் போடாதீர்கள், சின்னத் திட்டமாகப் போடுங்கள்.

மாட்டிய பிறகும் சில வேலைகள் உண்டு. வீல் நட்டுகளை 100 கி.மீ. ஓடியதும் மறுபடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். சஸ்பென்ஷன் போல்ட்களையும், பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யு போல்ட்களையும் ஆயிரம் கி.மீ. ஆவதற்குள் ஒரு தடவை. பழைய யு போல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு தடவை இறுக்கி நீண்டது மறுபடி அதே பிடி பிடிக்காது. அலைன்மென்ட் லிஃப்ட் போட்ட உடனே ஒன்று, ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி அமர்ந்த பிறகு இன்னொன்று.

அப்புறம் ஸ்டெப்னி. நாலு டயருக்குக் காசு கொடுத்துவிட்டு ஐந்தாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய சின்ன ஸ்டெப்னியைப் பின் ஆக்சிலில் மாட்டினால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி டிஃபரன்ஷியல் ஓயாமல் அரைபடும், நாலு சக்கர ஓட்டத்தைப் போட்டால் இன்னும் வம்பு. சரி, ஐந்தாவதும் வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள், வண்டிக்கு அடியில் அதற்கென்று இருக்கிற இடத்தில் அது போகிறதா என்று மாட்டிப் பாருங்கள். 35 பல வண்டிகளில் போகாது. போனாலும், கம்பெனி கொடுத்த ஜாக்கி அந்த உயரத்துக்கு எட்டுமா என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடுங்கள். எனக்கு எட்டவில்லை. இப்போது ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த மரக்கட்டை எப்போதும் வண்டியில் கிடக்கிறது.